ப்ளெசான்ஸிலிருந்து சென்னைக்கு: தொலைவு எவ்வளவு, உட்காரும் நேரம் எவ்வளவு?

நம் மொரீஷியஸின் ரோஸ்ஹில்லில் வசிக்கும் தம்பி ஒருவர், தைப்பூசத்தை ஒட்டித் தம் தாயாரைப் பழனிக்கு அழைத்துச் செல்ல எண்ணி, எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். பயண முகவர் எழுதித் தந்த தாளில், நம் ப்ளெசான்ஸ் விமான நிலையத்தில் இரவு 9 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் அதிகாலை 4.30 மணிக்குச் சென்னை சேர்வதாகவும், திரும்பும் நாளில் சென்னையில் காலை 6 மணிக்குப் புறப்பட்டு 10.30 மணிக்கு இங்கே இறங்குவதாகவும் இருக்கிறதாம். போவதற்கு ஏழரை மணி நேரம், வருவதற்கு நாலரை மணி நேரம் என்றாகிறது. இணையத்தில் உள்ள தொலைவுக் கணிப்பானோ 4,440 கி.மீ., ஐந்தரை மணி நேரம் என்கிறது. பூமி சுழல்வதால்தான் போவதற்கும் வருவதற்கும் இத்தனை வேறுபாடு என்று அவருடைய மாமா சொல்லிவிட்டாராம். எது சரி, எழுபதைக் கடந்த அம்மா உண்மையில் எத்தனை மணி நேரம் இருக்கையில் இருக்க வேண்டும் என்பதே தம்பியின் கேள்வி.

விமானப் புறப்பாட்டுத் திட்டமிடும் வேலையில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். போவதற்கும் ஆறு மணி நேரம், வருவதற்கும் ஆறு மணி நேரம். முகவரின் தாளிலும் பிழையில்லை, கணிப்பானிலும் பெரிய பிழையில்லை. மாமாவின் விளக்கம் மட்டும்தான் பொருந்தவில்லை.

பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படும். மொரீஷியஸ் கிரீன்விச் நேரத்துக்கு 4 மணி நேரம் முந்தியிருக்கிறது, இந்தியா ஐந்தரை மணி நேரம் முந்தியிருக்கிறது. ஆகவே நம் கடிகாரத்தைவிடச் சென்னைக் கடிகாரம் எப்போதும் ஒன்றரை மணி நேரம் முன்னே ஓடும். இங்கே இரவு 9 என்றால் அங்கே 10.30. அங்கிருந்து 4.30 வரை எண்ணினால் ஆறு மணி நேரம். திரும்பும்போது சென்னையின் காலை 6 மணி நமக்கு 4.30. அதிலிருந்து 10.30 வரையும் ஆறுதான். இரண்டு நேரங்களையும் ஒரே ஊர்க் கடிகாரத்துக்கு மாற்றிய பிறகே கழிக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் எந்தப் பயணச்சீட்டும் குழப்பாது. நம் தீவில் 2008 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துப் பார்த்தார்கள். அந்தச் சோதனை அத்தோடு கைவிடப்பட்டது. இந்தியாவிலும் கோடைக்கால நேரம் என்ற ஒன்று இல்லை. எனவே இந்த ஒன்றரை மணி நேர வேறுபாடு தை மாதத்திலும் ஆடி மாதத்திலும் ஒன்றே. பாரிசுக்குப் போகிறவர்களுக்குத்தான் மார்ச்சிலும் அக்டோபரிலும் கணக்கு மாறும்.

மாமா சொன்னது பலரும் நம்புகிற ஒன்று என்பதால் அதையும் பார்த்துவிடலாம். பூமி சுழலும்போது அதன் மேலுள்ள காற்றும் கூடவே சுழல்கிறது. அந்தக் காற்றுக்குள் மிதந்து செல்லும் விமானத்துக்குச் சுழற்சியால் நேராக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. கிழக்கே போவதற்கும் மேற்கே வருவதற்கும் நேரம் வேறுபடுவது உயரத்தில் வீசும் காற்றினால். இதை நம் தீவிலிருந்தே காண வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கான பயணத்தைப் பார்க்கலாம். சுமார் 5,900 கி.மீ. கொண்ட அந்த வழியில் மேலைக்காற்று முதுகைத் தள்ளுவதால் போகும்போது நேரம் குறைகிறது, வரும்போது அதே காற்று முகத்தில் மோதுவதால் ஒரு மணி நேரம் அளவுக்குக் கூடிவிடுகிறது. சென்னை வழி அப்படிப்பட்டதன்று. அது பெரும்பாலும் தெற்கு வடக்காகச் செல்கிறது, அதிலும் காற்று வலுக்குறைந்த நிலநடுக்கோட்டுப் பகுதியை ஊடுருவிச் செல்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மட்டும், தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து ஒரு வேகக் காற்றோட்டம் வீசும். இந்திய வானிலை அறிஞர் கோட்டேஸ்வரம் 1950களில் உலகுக்கு எடுத்துக்காட்டிய வெப்பமண்டலக் கீழைக்காற்றோட்டம் அது. அந்த மாதங்களில் சென்னைக்குப் போகும்போது கடைசிப் பகுதியில் சில நிமிடங்கள் கூடலாம், வரும்போது குறையலாம். தைப்பூசம் வரும் மாதங்களில் அந்தக் காற்றோட்டமே கிடையாது.

இனித் தொலைவைப் பார்ப்போம். கணிப்பான்கள் தருவது பெருவட்டத் தொலைவு, அதாவது பூமி உருண்டையின் மேல் ஒரு நூலை இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறுகிய நீளம். ப்ளெசான்ஸில் உள்ள சர் சீவூசாகர் ராம்கூலம் விமான நிலையம் தென் அட்சம் 20 பாகை 26 கலையை ஒட்டியும், சென்னையின் மீனம்பாக்கம் நிலையம் வட அட்சம் 13 பாகைக்குச் சற்றே குறைவாகவும் இருக்கின்றன. பூமியைச் சரியான உருண்டையாக வைத்துக் கணக்கிட்டால் சுமார் 4,456 கி.மீ. வரும். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 4,440 கி.மீ. ஆகும். இரண்டு கணிப்பான்கள் பதினைந்து கி.மீ. வேறுபட்டால் அதற்குக் காரணம் இதுவே. அதே தொலைவு 2,760 மைல் என்றும் 2,400 கடல் மைல் என்றும் எழுதப்படும். விமானத் துறை கடல் மைலிலேயே பேசுகிறது, ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். ஓரிடத்தில் 2,760 என்றும் வேறோரிடத்தில் 2,400 என்றும் பார்த்துவிட்டுக் குறுக்குவழி ஒன்று இருப்பதாக நினைத்துக்கொண்டவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

இந்தக் கோட்டை ஒரு நாள் பொறுமையாக வரைந்து பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ப்ளெசான்ஸிலிருந்து வடகிழக்கே புறப்படும் கோடு, ஏறத்தாழ 2,700 கி.மீ.க்கு எங்குமே தரையைத் தொடாமல் இந்துமாக்கடலின் மேலேயே சென்று, கிழக்குத் தீர்க்கம் 71 பாகையைத் தாண்டிய இடத்தில் நிலநடுக்கோட்டைக் கடக்கிறது. பிறகு மாலத்தீவுகளின் நடுவே, மாலே நகரத்துக்குச் சற்றுக் கிழக்கே புகுந்து, திருவனந்தபுரத்தின் பக்கம் இந்தியக் கரையைத் தொடுகிறது. அங்கிருந்து மதுரைக்கு மேலே, திருச்சிக்கு மேலே என்று தமிழ்நாட்டை நெடுக்காகக் கிழித்துக்கொண்டு சென்னையில் இறங்குகிறது. தரைக்கு மேலே செல்லும் அந்தக் கடைசி அறுநூற்றுச் சொச்சம் கி.மீ. பெரும்பாலும் தமிழகத்து ஊர்கள்தாம். நம் முன்னோர்களில் பலர் அந்த ஊர்களிலிருந்து நடந்து துறைமுகத்தை அடைந்து, பாய்மரக் கப்பலில் பல வாரங்கள் கடலில் கிடந்து போர்ட் லூயியில் இறங்கினார்கள். இன்று நம்மிடம் ஓடும் ஏ330 நியோ விமானங்களில் ஒன்றுக்கு, அவர்கள் இறங்கிய படித்துறையின் பெயரான ஆப்பிரவாசி காட் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

உண்மை விமானம் அந்த நூலின் மேலேயே ஊர்ந்து செல்வதில்லை. புறப்பாட்டுக்கும் தரையிறக்கத்துக்கும் ஓடுபாதை நோக்கும் திசையில் ஏறி, பிறகு வளைந்து திரும்ப வேண்டும். வரையறுக்கப்பட்ட வான்வழிகளின் முனைகளைத் தொட்டுச் செல்ல வேண்டும். ஒரு கட்டுப்பாட்டு மையத்திடமிருந்து அடுத்த மையத்துக்கு, முன்பே ஒப்புக்கொண்ட இடத்தில், ஒப்புக்கொண்ட உயரத்தில் கைமாற வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் இடிமேகங்கள் பதினைந்து கி.மீ. உயரம் வரை எழுந்து நிற்பதால், விமானிகள் அவற்றைச் சுற்றிக்கொண்டு போவார்கள். மேலும், இரண்டு இன்ஜின் கொண்ட விமானம் பெருங்கடலைக் கடக்கும்போது, ஓர் இன்ஜின் நின்றுபோனாலும் மற்றொன்றைக் கொண்டு குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஏதேனும் ஒரு நிலையத்தில் இறங்கக்கூடிய தொலைவிலேயே வழி முழுவதும் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. சேஷெல்ஸ், மாலத்தீவின் கான், மாலே, திருவனந்தபுரம் ஆகிய நிலையங்கள் இருப்பதால் நம் வழியில் அது பெரிய தலைவலியில்லை, ஆனாலும் திட்டமிடுகிறவர் ஒவ்வொரு நாளும் அந்த நிலையங்களின் வானிலையைப் பார்த்த பிறகே கையெழுத்திடுவார். இவற்றையெல்லாம் சேர்த்தால் தொலைவு இரண்டு முதல் நான்கு விழுக்காடு வரை கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். அதன்படி 4,440 என்பது 4,550 அல்லது 4,600 ஆகும்.

அந்தத் தொலைவை நேரமாக்கும் இடத்தில்தான் கணிப்பான்கள் வழுக்குகின்றன. பல கணிப்பான்கள் வழி முழுவதற்கும் ஒரே வேகத்தை எடுத்துக்கொண்டு வகுத்துவிட்டு, மேலேறவும் கீழிறங்கவும் அரை மணி நேரத்தைச் சேர்த்துவிடும். ஏ330 நியோவோ ஏ350ஓ ஏறத்தாழ 11 கி.மீ. உயரத்தில், ஒலியின் வேகத்தில் நூற்றுக்கு 82 முதல் 85 பங்கு வேகத்தில் பறக்கிறது. அந்த உயரத்தின் குளிரில் அது மணிக்கு 870 முதல் 900 கி.மீ. ஆகும். மேலேறும் முதல் இருபத்தைந்து நிமிடங்களில் சுமார் 250 கி.மீ.யும், இறங்கும் கடைசி அரை மணி நேரத்தில் சுமார் 220 கி.மீ.யும் கழியும். இடையில் இருக்கும் 4,100 கி.மீ.க்கு நாலரை மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். ஆக, சக்கரம் தரையை விட்டு எழுந்ததிலிருந்து மீண்டும் தரையைத் தொடும் வரை ஐந்தரை மணி நேரம். கணிப்பான் சொன்னது இந்த நேரத்தைத்தான்.

பயணச்சீட்டில் அச்சாவது அதுவன்று. விமானம் வாயிலிலிருந்து பின்னே தள்ளப்படும் நொடியிலிருந்து, சேரும் ஊரில் வாயிலில் வந்து நிற்கும் நொடி வரை உள்ள நேரத்தையே விமான நிறுவனங்கள் கணக்கில் கொள்கின்றன. துறையில் இதை ப்ளாக் நேரம் என்போம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்ல ஒரு பத்து நிமிடம், சென்னையில் முன்னே வரிசையில் நிற்கும் விமானங்களுக்காக ஒரு பத்து நிமிடம், இறங்கிய பிறகு வாயில் காலியாகக் காத்திருக்கச் சில நிமிடங்கள் என்று கூட்டினால் ஆறு மணி நேரம் வந்துவிடும். தாமதம் என்ற பெயர் வராமலிருக்க நிறுவனங்கள் இன்னும் சிறிது நேரத்தைக் கூட்டி அச்சிடுவதும் வழக்கம். இருபது நிமிடம் முன்பே வந்துவிட்டோம் என்று விமானி அறிவிக்கும்போது பயணிகள் கைதட்டுவார்கள். நான் பேசாமல் இருப்பேன்.

தொலைவு குறையக் குறைய இந்தத் தரைநேரத்தின் பங்கு எவ்வளவு பெரிதாகிறது என்பதை ரெயூனியன் பயணத்தில் காணலாம். அந்தத் தீவு இங்கிருந்து சுமார் 230 கி.மீ.தான். ஜெட் வேகத்தில் வகுத்தால் பதினைந்து நிமிடம் வரும், ஆனால் எந்த அட்டவணையிலும் முக்கால் மணி நேரத்துக்குக் குறைத்துப் பார்க்க முடியாது. ரொட்ரீக் தீவுக்குச் சுமார் 600 கி.மீ., புரொப்பெல்லர் கொண்ட ஏ.டி.ஆர். விமானத்தில் ஒன்றரை மணி நேரம்.

இதுவரை சொன்னவை நேரடி விமானத்துக்கு மட்டுமே பொருந்தும். ப்ளெசான்ஸுக்கும் சென்னைக்கும் இடையே நேரடிச் சேவை எல்லாக் காலத்திலும் எல்லா நாளிலும் இருப்பதில்லை. எனவே முகவரின் தாளில் வழி நிறுத்தம் இருக்கிறதா என்பதைத் தம்பி முதலில் பார்க்க வேண்டும். மும்பை வழியாகப் போனால் இங்கிருந்து மும்பைக்குச் சுமார் 4,680 கி.மீ., அங்கிருந்து சென்னைக்குச் சுமார் 1,035 கி.மீ., ஆக மொத்தம் 5,700ஐத் தாண்டும். துபாய் வழியாகப் போனால் முதல் பகுதி சுமார் 5,070 கி.மீ., இரண்டாம் பகுதி சுமார் 2,930 கி.மீ., ஆக 8,000 கி.மீ. ஆகிறது. நேர்வழியைப் போல ஏறத்தாழ இரண்டு பங்கு. வடக்கே நெடுந்தூரம் போய், மீண்டும் தென்கிழக்கே இறங்கி வருவதால் பறக்கும் நேரம் மட்டுமே பத்து மணி நேரத்தைத் தாண்டிவிடும், காத்திருப்பு அதற்கு மேல். பணம் குறைவாக இருக்கலாம். ஆனால் எழுபதைக் கடந்தவர்களுடன் போகும்போது, ஒரு மூட்டு வலி மாத்திரைக்குக்கூட அந்த மிச்சம் ஈடாகாது என்பது என் எண்ணம்.

பழனிக்குப் போவதாக இருப்பதால் சென்னையோடு கணக்கு முடியவில்லை. அதிகாலை 4.30 மணிக்கு விமானம் வாயிலில் நின்றாலும், குடிநுழைவு வரிசை, பெட்டிகள், சுங்கம் எல்லாம் கடந்து வெளியே வர ஆறு மணி ஆகிவிடும். அங்கிருந்து பழனி சாலை வழியே சுமார் 470 கி.மீ., எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. மதுரைக்கு உள்நாட்டு விமானம் பிடித்தால் ஒன்றேகால் மணி நேரம், பிறகு திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகச் சுமார் 120 கி.மீ. சாலைப் பயணம். தைப்பூச நாள்களில் அந்தச் சாலைகளின் ஓரம் முழுதும் பாதயாத்திரைக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும் என்பதால் வண்டிகள் மெதுவாகவே நகரும். உள்நாட்டு விமானத்துக்கு நேரம் விடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். நான் ஒரு முறை, துறையில் இருந்தவன் என்ற துணிவில், சென்னையில் இறங்கி ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அடுத்த விமானம் என்று சீட்டுப் போட்டேன். எங்கள் பெட்டி கடைசியாக வந்தது. மதுரை விமானம் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. இரண்டும் தனித்தனிச் சீட்டுகள் என்பதால் பணமும் திரும்பவில்லை. நான்கு மணி நேரம் விட்டு வைப்பதும், முடிந்தால் இரண்டு பயணங்களையும் ஒரே சீட்டில் வாங்குவதும் நல்லது.

எல்லாவற்றையும் சேர்த்து எண்ணிப் பார்ப்போம். மூன்று மணி நேரம் முன்பாக நிலையத்தில் இருக்க வேண்டும் என்பதாலும், மெட்ரோ ப்ளெசான்ஸ் வரை வருவதில்லை என்பதாலும், ரோஸ்ஹில்லை மாலை 5 மணிக்கே காரில் விட வேண்டும். அது சென்னைக் கடிகாரத்தில் 6.30. மறுநாள் காலை 9 மணிக்கு மதுரை விமானம் கிடைத்து, பிற்பகல் 1.30க்குப் பழனி சேர்ந்தால் பத்தொன்பது மணி நேரம். அந்தப் பத்தொன்பதில் கடலைத் தாண்டும் பயணம் ஆறு மணி நேரம்தான். தொலைவுக் கணிப்பானை எத்தனை முறை தட்டினாலும் மற்றப் பதின்மூன்று மணி நேரம் அதில் தெரியாது. அம்மாவின் உடல்நிலையைக் கருதினால் அன்றே பழனிக்கு ஓடாமல் சென்னையிலோ மதுரையிலோ ஓர் இரவு தங்குங்கள்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். தைப்பூசம் ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ வருகிறது. நமக்கு அது புயல் காலத்தின் நடுப்பகுதி. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது ப்ளெசான்ஸ் நிலையத்தையே மூட வேண்டியிருந்தது. சென்னைக்கு அப்போது வானம் தெளிந்திருக்கும். அங்கே ஆபத்துக் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் பல நாள்கள் மூடிக் கிடந்தது, 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போதும் ஓடுபாதையில் நீர் தேங்கி மூடப்பட்டது. ஆகவே இப்பயணத்தில் வானிலைத் தடை வருமானால் அது நம் பக்கத்திலிருந்தே வரும். பூச நாளுக்கு மூன்று நான்கு நாள் முன்பாகவே கிளம்பிவிடுவது அறிவுடைமை. கோர் தெ கார்த் மலைக் கோயிலில் ஆண்டுதோறும் காவடியைக் கண்டு வளர்ந்த அம்மா, பழனியில் பூசத்துக்கு மறுநாள் போய் நிற்கும்படி ஆகிவிடக் கூடாது.

ஆறு மணி நேரமும் அசையாமல் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லை. இருக்கைப் பட்டை விளக்கு அணைந்திருக்கும்போது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள், நீர் அடிக்கடி குடிக்கச் சொல்லுங்கள். கால் வீக்கமோ இரத்த உறைவுத் தொல்லையோ முன்பு இருந்திருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகே சீட்டு வாங்குங்கள். போகும் விமானத்தில் நடைபாதை ஓர இருக்கையே அம்மாவுக்குப் போதும், வழி முழுவதும் இருட்டாகவே இருக்கும். திரும்பும்போது மட்டும் வலப்பக்க ஜன்னல் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். காலை 6 மணிக்குக் கிளம்பினால், ஏழு மணிக்குச் சற்று முன்பாக விமானம் திருச்சி வானத்தை நெருங்கும். நான் வரைந்த கோட்டை அன்றைய வான்வழி ஒட்டிச் சென்று, மேகமும் விலகி இருந்தால், கிழக்கே எழுந்த வெயில் முதுகுப்புறமிருந்து விழ, நூறு கி.மீ. மேற்கே பழனி மலைத்தொடர் நீலமாக நிற்பதை அம்மா அந்த ஜன்னல் வழியே பார்க்கலாம்.